சதுர மண்

பிள்ளைகள் செய்தவை என்று நம்பிப் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுபோய், யன்னல் கட்டிலும் பிரிட்ஜ் கதவிலும் வைத்திருக்கிற பொருள்களில் கணிசமானவை நான் செய்தவை. பின்னிய பாண், ஹனுக்கா விளக்கு, பூரிம் பலகாரம், பாஸ்கா இரவுக்கான கடதாசித் தட்டு. அடியில் பிள்ளையின் பெயர் இருக்கும். அந்தப் பெயரையும் சில வேளைகளில் நானே எழுதியிருக்கிறேன். நம்பும்படியாக இருக்க ஓர் எழுத்தை மட்டும் திருப்பிப் போட்டு.

ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் வீதியை ஒட்டிய யூத ஆலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நடக்கும் பாலர் பள்ளியில் நான் உதவி ஆசிரியை. பிறந்தது யாழ்ப்பாணத்தில், இருப்பது ஸ்காபரோவில். சைவக்காரி. வகுப்பில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். தலைமை ஆசிரியையை அவர்கள் ‘மோரா’ என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவருடைய பெற்றோர் மொரோக்கோவிலிருந்து வந்த யூதர்கள். நான் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு யூதர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய ஏற்பாட்டுக் கதைகள்தான். மோசேயைத் தெரியும், எஸ்தரைத் தெரியும். எஸ்தர் கதை நாளில் நாலு வயதுப் பையன் தீயணைப்புக்காரன் உடுப்பில் வருவான் என்பது தெரியாது.

பண்டிகைகள்தான் அந்தப் பள்ளியின் பாடத்திட்டம். செப்டெம்பரில் ரோஷ் ஹஷானா, அதாவது புத்தாண்டு. அப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிட்டு, அதே அப்பிளைக் குறுக்கே வெட்டி வர்ணத்தில் தோய்த்துக் கடதாசியில் ஒற்றுவோம்; நடுவில் நட்சத்திரம் விழும். அது முடிந்த கையோடு சுக்கோத். முற்றத்தில் கொப்புகளால் கூரை வேய்ந்த குடில். கூரைக்குள்ளால் வானம் தெரியவேண்டும் என்பது விதி, ஆகவே ஒக்ரோபர் மழையும் உள்ளே வரும், நாங்கள் ஒட்டித் தொங்கவிட்ட கடதாசிச் சங்கிலிகள் கூழாகும். பிறகு குளிர்காலத்தில் ஹனுக்கா, பனிக்குள் மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத், பூரிம், பாஸ்கா, கடைசியாகப் பாற்கட்டிக் கேக்கோடு ஷாவுவோத். இவற்றுக்கு நடுவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சபாத். ஓய்வு நாளுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் பிழை வெள்ளிக்கிழமைகளில்தான் தொடங்கியது. சபாத்துக்குச் செய்யும் ஹல்லா என்பது முட்டையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த, கொஞ்சம் இனிப்பான பாண். வெண்ணெய் போடுவதில்லை. வெள்ளி இரவுச் சாப்பாட்டில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், இறைச்சியோடு பால் சேரக்கூடாது. மா நிறையப் பிசைகிற நாளில் மோரா ஒரு சிறு துண்டைக் கிள்ளி, ஆசீர்வாதம் சொல்லி, ஒதுக்கி வைப்பார். எருசலேமில் கோயில் இருந்த காலத்தில் குருமாருக்குப் போன பங்கு அது. இன்று அதை உண்ணத் தேவையான சடங்குத் தூய்மை யாருக்கும் இல்லாததால் எரித்துவிடுவார்கள். ஓவனை மூட்டுவதும் யூதர் ஒருவரின் கையாக இருக்கவேண்டும் என்பது எங்கள் குசினியின் ஒழுங்கு. ஆகவே ஓவனை நான் தொடுவதில்லை. மற்ற எல்லாவற்றையும் தொட்டேன்.

நாலு வயதுப் பிள்ளை ஹல்லா பின்னுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். மூன்று திரி உருட்டச் சொன்னால் ஒன்று பெருவிரல் மொத்தத்தில் வரும், இன்னொன்று நூலாக வரும், மூன்றாவதைக் காணவில்லை என்று தேடினால் வாய்க்குள் இருக்கும். அந்தக் கைகளில் சற்று நேரம் கிடந்த மா சாம்பல் நிறமாகிவிடும். நானோ தங்கைமாருக்கு விடியப்புறத்தில் இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பி வளர்ந்தவள். பிள்ளைகள் வரிசையில் கைகழுவப் போகிற இடைவெளியில், தட்டில் கிடந்த ஒவ்வொன்றையும் அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். முட்டை பூசி, எள் தூவி வெந்து வரும்போது எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். பின்னேரம் கூட்டிப்போக வருகிற தாய்மார் வாயைப் பிளப்பார்கள். “இவ்வளவு வடிவாகச் செய்கிறார்களே!” என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

ஹனுக்காவுக்கு ஒரு துண்டுப் பலகையில் இரும்பு நட்டுகளைப் பசையால் ஒட்டி விளக்குச் செய்வோம். நட்டின் ஓட்டைக்குள் சின்ன மெழுகுதிரி கச்சிதமாக நிற்கும். எட்டு இரவுக்கு எட்டு, ஏற்றுகிற திரிக்கு ஒன்பதாவது. கி.மு. 164 அளவில் மக்கபேயர் எருசலேம் கோயிலை மீட்டுத் திரும்பப் புனிதமாக்கியபோது, ஒரு நாளைக்குக் காணும் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற கதை. அதனால்தான் எண்ணெயில் பொரித்த பலகாரம்: உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த லாட்கே, இஸ்ரேலியர் விரும்பும் ஜாம் வைத்த சுஃப்கானியா. ஒரு பையன் ஒன்பது நட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துக் கோபுரம் கட்டினான். எனக்கு விதி தெரியும்: எட்டுச் சுடரும் ஒரே வரிசையில், தனித்தனியாகத் தெரியவேண்டும், ஏற்றுகிற திரி மட்டும் விலகி நிற்கலாம். விதி என் பக்கம் இருந்தது என்ற தைரியத்தில், அவன் நித்திரை கொள்கிற நேரம் வெண்ணெய்க் கத்தியால் நட்டுகளைக் கிளப்பி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி ஒட்டினேன். விதியை அவனுக்குச் சொல்லியிருக்கலாம். ஏன் வரிசை என்று கேட்டிருப்பான், மோரா பதில் சொல்லியிருப்பார், அவனே கிளப்பி ஒட்டியிருப்பான், கோணலாக. அந்தக் கோணலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பூரிமில் செய்தது இன்னும் மோசம். அந்தப் பண்டிகை இருக்கிற பண்டிகைகளிலேயே ஒழுங்கில்லாதது, ஒழுங்கில்லாமல் இருக்கவேண்டியது. எஸ்தரின் சுருளை வாசிக்கிறபோது, யூதரை அழிக்கப் பார்த்த ஆமானின் பெயர் வருகிற ஒவ்வொரு தடவையும் கிலுக்கைகளைச் சுழற்றி, காலால் தரையை உதைத்துச் சத்தத்தில் அவன் பெயரை அமுக்கவேண்டும். ஐம்பது தடவைக்கு மேல் வரும். அன்றைக்கு ஹமன்டாஷ்: வட்டமாக வெட்டிய மாவின் நடுவில் கசகசா அல்லது ஜாம் வைத்து, மூன்று பக்கமும் மடித்து மூலைகளைக் கிள்ளுவது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஜாம் வைத்தால் ஓவனில் மூலை பிரிந்து வழியும். எந்தப் பிள்ளை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தும்? தட்டில் விரித்த கடதாசியில் ஒவ்வொருவர் பெயரையும் பென்சிலால் எழுதி, அதன்மேல் அவரவருடையதை வைப்போம். நான் ஒரு தட்டு முழுவதும் தனியாகச் செய்து, பெயர்களின் மேல் என்னுடையவற்றை வைத்தேன். பிள்ளைகளுடையவை குப்பைக்குப் போயின. பூரிமன்று நண்பர்களுக்கு இரண்டு வகை உணவாவது அனுப்பவேண்டும் என்பது கடமை. அந்தக் கடமையையும் நான் செய்த பலகாரத்தை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகள் நிறைவேற்றினார்கள்.

ஏன் செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால், அந்தக் காலத்தில் சொல்வதற்கு நல்ல சாட்டு வைத்திருந்தேன். வேறு சமயத்தவள் நான்; அவர்களுடைய சாமி காரியத்தில் என் கையால் குறை வரக்கூடாது. கேட்கப் பவ்வியமாக இருக்கும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு: என் ஆங்கிலம் கேட்டுச் சில பெற்றோர் இரண்டாம் தடவை “என்ன சொன்னீர்கள்?” என்பார்கள், ஆனால் ஒரு நேரான பின்னலைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. பெற்றோருக்குப் படம் அனுப்புகிற செயலி ஒன்று இருந்தது. அதில் என் வகுப்புப் படங்களுக்கு விழுந்த இதயங்களை வீட்டில் படுத்துக்கிடந்து எண்ணியிருக்கிறேன்.

ஆனால் வேறு சமயம் என்ற சாட்டு என் சொந்த வீட்டில் எடுபடாது. என் மகள் சின்னவளாக இருந்தபோது விசயதசமிக்கு ஏடு தொடக்கினோம். பச்சையரிசியில் ‘அ’ எழுத அவளுடைய விரலை ஐயர் பிடித்தார், அது முறை. பிறகு வந்த வருடங்களில் கோலம், தீபாவளி வாழ்த்து அட்டை, பள்ளிக்கூடப் படம் என்று அவள் எதைத் தொட்டாலும் அந்த விரலை நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு முறை எதுவும் கிடையாது. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய பாலர் வகுப்புப் படங்களை ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்து ஒருநாள் பெருமையாக எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் கீறியிருக்கிறீங்கள், அம்மா” என்றாள். நான் கோப்பை மூடிவிட்டேன். அதற்குப் பிறகும் பள்ளியில் என் பழக்கத்தை விடவில்லை.

விட வைத்தது ஒரு பார்ஸ்லிச் செடி.

து பிஷ்வாத்தில் இஸ்ரேலில் வாதுமை மரங்கள் பூக்கும். எங்களுக்கு வெளியே பனி. ஆகவே பள்ளிகளில் ஒரு வழக்கம்: அன்றைக்குப் பிளாஸ்ரிக் கப்பில் மண் போட்டு பார்ஸ்லி விதைப்பது. அது முளைக்கச் சோம்பேறி, மூன்று கிழமைகூட எடுக்கும். இரண்டு மாதம் கழித்து, லீப் வருடமானால் மூன்று மாதம் கழித்து, பாஸ்கா வரும். செதேர் என்ற அந்த இரவு விருந்தில் பச்சிலை ஒன்றை உப்புத் தண்ணீரில் தோய்த்து உண்ணவேண்டும். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்களின் கண்ணீருக்காக உப்பு. பிள்ளை தான் விதைத்ததைத் தானே கிள்ளித் தோய்க்கும். இதைவிட நல்ல கைவேலையை நான் இன்றுவரை காணவில்லை. பசை இல்லை, மினுக்கத்தூள் இல்லை.

நட்டுக் கோபுரம் கட்டின அதே பையன், விதை என்ன செய்கிறது என்று பார்க்கக் காலையும் பின்னேரமும் கரண்டியால் தோண்டினான். தோண்டாதே என்றால், “அது எழும்பிவிட்டதா என்று பார்க்கிறேன்” என்பான். மற்றவர்களின் கப்புகளில் பச்சை மயிராக முளை வந்தது, இலை விரிந்தது. அவனுடையதில் மண்தான். பாஸ்காவுக்கு முந்திய நாட்களில் பள்ளியே தலைகீழாகக் கிடந்தது. புளித்த மா ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது என்பதால் பாண், பிஸ்கட் மட்டுமல்ல, கோதுமை மா கலந்த விளையாட்டுக் களிமண், கோர்த்து விளையாடுகிற மக்ரோனி எல்லாம் வெளியே போயின. அலுமாரி அலுமாரியாகத் துடைத்தோம். அந்த அமளியில் யன்னல் கட்டில் வரிசையாக நின்ற பச்சைக் கப்புகளுக்கு நடுவே அந்த வெறும் கப் என் கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது. பள்ளியில் நடக்கிற ஒத்திகைச் செதேருக்குத் தாத்தா பாட்டிமார் வருவார்கள். படம் எடுப்பார்கள்.

வேலை முடிந்து போகிற வழியில் ஒரு கடையில் சின்னத் தொட்டி பார்ஸ்லி வாங்கினேன். அடுத்த நாள் விடிய முதல் ஆளாக வந்து, அவன் கப்பிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டு, வாங்கியதை வேரோடு உள்ளே அமுக்கினேன். பெயர் ஒட்டியிருந்த பக்கத்தை முன்னுக்குத் திருப்பி வைத்தேன்.

துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் கிட்ட வந்து பார்த்தான். செடியைப் பார்க்கவில்லை, கப்பைக் கையில் எடுத்து, வழமைபோலப் பக்கவாட்டால் பார்த்தான். கண்ணாடி மாதிரியான கப், உள்ளே எல்லாம் தெரியும். தொட்டியில் வளர்ந்த வேர் தொட்டியின் உருவத்தில்தான் இருக்கும். வட்டமான கப்புக்குள் நாலு மூலையோடு ஒரு கறுத்தக் கட்டி, சுற்றிவர வெற்றிடம்.

“மண் ஏன் சதுரமா இருக்கு?”

நான் சொன்னேன்: “பார்ஸ்லியின் வேர் சதுரமாகத்தான் வளரும்.”

அவன் மற்றக் கப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எதிலும் சதுரமில்லை. என்னிடம் திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்துச் செடியின் ஓரத்தில் தோண்டத் தொடங்கினான், தன் விதையைத் தேடி. அது அப்போது குப்பைத்தொட்டியில் காப்பிச் சக்கையோடு கிடந்தது.

செதேரன்று அவனுடைய அம்மம்மா பக்கத்தில் இருந்தார். கையில் மண் வேலை செய்த தழும்புகள் இருக்கிற மனுசி. கப்பைத் தூக்கி அவன் அறிவித்தான்: “பார்ஸ்லியின் வேர் சதுரம். எங்கள் ரீச்சர் சொன்னவா.” அம்மம்மா கப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளைகள் திராட்சைச் சாற்றை ஊற்றிக்கொண்டிருந்த சத்தத்துக்குள் என் பக்கம் சாய்ந்து, “எந்தக் கடை?” என்று கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அவனோடு சேர்ந்து இலையைக் கிள்ளி உப்புத் தண்ணீரில் தோய்த்தார். அவ்வளவுதான். அவர் கோபித்திருந்தால் அன்று இரவு எனக்குக் கொஞ்சமாவது நித்திரை வந்திருக்கும்.

எல்லாரும் போனபின், பாஸ்காவின் புளிக்காத பாணான மட்ஸாவின் நொறுங்கல்களைக் கூட்டிக்கொண்டு மோராவிடம் சொன்னேன், பார்ஸ்லியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எல்லாவற்றையும். அவர் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே ஈரத்துணியில் சுற்றின ஒரு பார்ஸ்லிக் கட்டு. “முளைக்காத கப்புக்காரருக்கு என்று ஒவ்வொரு வருடமும் வாங்கி வைப்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது தோண்டும். உன்னுடையது முளைக்கவில்லை, இந்தா, இதில் கிள்ளு என்று சொல்லிக் கொடுப்போம்.” பிறகு அந்த இலை ஏன் என்று சொன்னார். சாப்பாடு வருமுன் பச்சிலையைத் தோய்க்கிற அந்த விசித்திரமே, பிள்ளைகள் கண்டு வியந்து ஏனென்று கேட்கவேண்டும் என்பதற்காக வைத்தது என்று யூதரின் பழைய சட்டநூலான தல்மூதில் இருக்கிறதாம். அந்த இரவு முழுவதுமே அப்படித்தான்: வீட்டில் கடைசிப் பிள்ளை நாலு கேள்வி கேட்டால்தான் கதை தொடங்கும், மட்ஸாத் துண்டு ஒன்றை ஒளித்து வைப்பது பிள்ளைகள் நித்திரையாகாமல் தேடவேண்டும் என்பதற்காக. கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளைக்குக்கூடச் செதேர் புத்தகத்தில் இடமுண்டு, அதற்கு நாமாகவே எடுத்துச் சொல்லத் தொடங்கவேண்டும். கேட்ட பிள்ளைக்குப் பொய் சொல்கிற ரீச்சருக்கு அதில் இடமில்லை. இந்தக் கடைசி வசனம் மோரா சொன்னதல்ல, என்னுடையது.

ஹல்லாவைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. “உங்களுடையவை எல்லாம் இடப்பக்கத் திரியிலிருந்து தொடங்கும்” என்றார். பிறகு ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கேட்டேன், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “படங்கள் பெற்றோருக்குப் பிடித்திருந்தன” என்றார், தோளைக் குலுக்கி. அவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதும் என் சுமையில் பாதியை அவர் தலையில் ஏற்றுகிற வேலையாக இருக்கலாம்.

இப்போது எங்கள் ஹல்லாக்கள் பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறம், ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் கருகி. பூரிமுக்கு அடுத்த நாள் தட்டில் கருகி ஒட்டின ஜாமைச் சுரண்ட ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒரு தகப்பன் செயலியில் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வருடப் பிள்ளைகள் கொஞ்சம் மந்தமா என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் நன்றாகவே இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய மகளின் பின்னலை இரண்டு இடத்தில் இறுக்கிவிட்டேன், ஒருவரும் பார்க்காத நேரத்தில். திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.

அந்தப் பையனிடம் நான் ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை. பள்ளி முடித்துப் பெரிய பள்ளிக்குப் போய்விட்டான். அவனுடைய அம்மா அந்தச் செடியைப் பின்வளவில் நட்டார். பார்ஸ்லி இரண்டு வருடம் இருக்கும். காணும்போதெல்லாம் எனக்கு நன்றி சொல்வார். அவனுடைய தங்கச்சி வருகிற செப்டெம்பரில் எங்கள் வகுப்புக்கு வருகிறாள். புத்தாண்டு ஹல்லா நீளமாக இல்லாமல் வட்டமாகச் சுருட்டவேண்டும். நீளத்தைவிட வட்டம் சின்னக் கைகளுக்கு இன்னும் பிழைக்கும். ஹல்லா நாட்களில் என்னைப் பாத்திரம் கழுவ விடச்சொல்லி மோராவிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றார். தொட்டியடியில் நின்றாலும் மேசை தெரியும் என்றும் சொன்னார்.